பின்புறம் வெளியேறும் காற்றைக் கவனியுங்கள்

ஆஸ்துமா, ஒவ்வாமை மூக்கழற்சி, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவற்றுக்காக எம்மிடம் வருவோரின் குடும்பத்தினர், மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழும்போது அண்மைக்காலமாக ஒரு கேள்வி கேட்கின்றனர். கம்பியில்லாமல் மின்கலத்தில் இயங்கும் சிறிய வாக்குவம் கிளீனர் வாங்கலாமா, வாங்குவதாயின் எதனை வாங்குவது? இரண்டாயிரம் ரூபாயில் தொடங்கிப் பதினைந்தாயிரத்தையும் கடந்து பல விலைகளில் அவை கிடைக்கின்றன. ஒவ்வொரு பெட்டியின் மீதும் உறிஞ்சும் ஆற்றல் பற்றிய பெரிய எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த எண்ணை ஒப்பிட்டே பெரும்பாலோர் வாங்குகின்றனர். மூச்சு நோய் உள்ள வீட்டுக்கு அவ்வாறு தேர்ந்தெடுப்பது சரியன்று என்பதே என் கருத்து. இக்கருவி முன்புறம் எதை உறிஞ்சுகிறது என்பதைவிடப் பின்புறம் எதை வெளியேற்றுகிறது என்பதே நோயாளருக்கு முதன்மையானது.

இக்கருவியின் வரலாறே இதற்குச் சான்று. 1901-ஆம் ஆண்டு இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர், தூசியை ஊதி அகற்றும் ஒரு கருவியின் செய்முறை விளக்கத்தைக் கண்டார். ஊதினால் தூசி இடம் மாறுமேயன்றி நீங்காது என்று கருதி, உறிஞ்சும் இயந்திரத்தை உருவாக்கினார். அது குதிரைகள் இழுத்துவரும் வண்டியளவு பெரியது. தெருவில் நின்றபடியே நீண்ட குழாய்களைச் சன்னல் வழியாக வீட்டுக்குள் நீட்டித் தூசியை உறிஞ்சியது. ஆகவே கழிவுக் காற்றும் தெருவிலேயே வெளியேறியது. சில ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர் என்பவர், கையால் தள்ளிச் செல்லும் மின்கருவியை அமைத்து 1908-இல் காப்புரிமை பெற்றார். அவர் ஓர் ஆஸ்துமா நோயாளர். பெருக்கும்போது எழும் தூசியே தம் மூச்சுத் திணறலுக்குக் காரணம் என்று எண்ணியே அவர் இம்முயற்சியில் இறங்கினார். தூசியைப் பிடிக்க அவர் கட்டியது ஒரு தலையணை உறை. பருத்தித் துணியின் இழைகளுக்கிடையே நுண்தூசி எளிதில் கடந்துவிடும். பூத்தின் இயந்திரத்தில் தெருவில் வெளியேறிய காற்று, ஸ்பாங்ளரின் கருவியில் அறைக்குள்ளேயே வெளியேறியது. இன்றைய கையடக்கக் கருவியிலோ அது நம் முகத்துக்கு ஒரு முழம் தொலைவில் வெளியேறுகிறது.

உறிஞ்சப்படும் காற்று அனைத்தும் வெளியேறியே ஆகவேண்டும். முடி, மணல், பஞ்சு போன்ற பெரிய பொருள்கள் தூசிக் கலத்தில் தங்கிவிடுகின்றன. நம் கண்ணுக்கு நிறைவளிப்பவை அவையே. ஆனால் அவை நுரையீரலுக்குள் செல்வதில்லை. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுத்துவிடும். ஐந்து மைக்ரானுக்கும் குறைவான துகள்களே காற்று நுண்ணறைகள் வரை சென்று படிகின்றன. வடிகட்டி தரமற்றதாயின் கலத்தில் தங்காமல் அறைக்குள் மீள்பவையும் இத்துகள்களே. "வீட்டைச் சுத்தம் செய்த அன்றுதான் எனக்குத் தும்மல் அதிகம்" என்று கூறும் நோயாளர்களில் சிலருக்கு இதுவே காரணம்.

எனவே வாங்குமுன் வடிகட்டியைப் பற்றிக் கேளுங்கள். ஹெப்பா எனப்படும் நுண்வடிகட்டிகளுக்கு ஐரோப்பியத் தர அளவீடு உண்டு. அதில் எச் 13 என்னும் தரமுடையது, பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுள்ள துகள்களிலும் 99.95 விழுக்காட்டைத் தடுத்து நிறுத்தவேண்டும். "ஹெப்பா வகை", "ஹெப்பா போன்றது" என்னும் சொற்களுக்கு இத்தகைய பொருள் ஏதும் இல்லை. அவை விற்பனைச் சொற்கள். தர எண் குறிக்கப்படாத கருவியை மூச்சு நோயாளர் இருக்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

வடிகட்டி நல்லதாக இருந்தாலும் அதனைச் சுற்றியுள்ள இரப்பர் வளையம் சரியாகப் பொருந்தாவிடில், காற்று வடிகட்டியைத் தவிர்த்துப் பக்கவாட்டில் கசிந்து வெளியேறும். இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு வாரம் பயன்படுத்தியபின் வடிகட்டியைக் கழற்றி, மோட்டார் பக்கம் உள்ள உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் படிந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலவரையறை முடியுமுன் இதனைச் செய்வது நல்லது.

பெட்டியின் மீதுள்ள பாஸ்கல் எண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். அது பெரும்பாலும் கருவியின் வாயை முழுவதும் அடைத்து, காற்றோட்டமே இல்லாத நிலையில் அளக்கப்படும் வெற்றழுத்தம். மெத்தையின் தையல் ஓரத்திலிருந்து தூசியை இழுத்துவர அழுத்தத்தோடு காற்றோட்டமும் வேண்டும். பன்னிரண்டாயிரம் பாஸ்கலுக்கும் பதினாறாயிரத்துக்கும் உள்ள வேற்றுமைக்காக மூவாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதைவிட, அத்தொகையில் இரண்டு உபரி வடிகட்டிகளை வாங்கி வைத்துக்கொள்ளலாம். உபரி வடிகட்டி தனியே கிடைக்குமா, மின்கலத்தை மாற்ற முடியுமா என்னும் இரு கேள்விகளுக்கும் கடைக்காரர் தெளிவாக விடை கூறாவிட்டால், அக்கருவியின் ஆயுள் ஓராண்டு என்றே கொள்ளுங்கள்.

தூசிக் கலத்தைக் காலி செய்யும் வேளையே நோயாளருக்கு மிகவும் தீங்கானது. இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு வாரத்தில் சேர்ந்த தூசி முழுவதும் ஒரே நொடியில் கொட்டப்படுகிறது. குப்பைக் கூடையின் மேல் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் எழும் புழுதி, பெருக்கும்போது எழுவதினும் செறிவானது. வீட்டுக்கு வெளியே சென்று, கலத்தின் வாயை ஒரு நெகிழிப் பைக்குள் நுழைத்து, பையின் வாயைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திறக்கவேண்டும். இதனை நோயாளரல்லாத ஒருவர், என்-95 முகக்கவசம் அணிந்து செய்யவேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள் ஆகியோர் இக்கருவியின் கலத்தையும் வடிகட்டியையும் தொடவே வேண்டாம். வீட்டுத் தூசியில் பூஞ்சைத் துகள்கள் உண்டு. பிறருக்குத் தும்மலோடு முடியும் அது, இவர்களுக்கு நுரையீரல் தொற்றாக மாறக்கூடும்.

வடிகட்டியைக் கழுவலாம் என்று கையேட்டில் இருந்தால் மட்டுமே கழுவுங்கள். கழுவியதை முழுவதும் உலர்த்தாமல் பொருத்தினால் அதிலேயே பூஞ்சை வளரும். வெயில் காலத்தில் ஒரு நாளில் உலர்வது, நம் கடலோர ஊர்களின் ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மூன்று நாளாகியும் உலராது. உபரி வடிகட்டி வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடையைப் பற்றி இளைஞர்கள் கவலைப்படுவதில்லை. அறுபதைக் கடந்த நாட்பட்ட நுரையீரல் நோயாளருக்கு அது பெரிய செய்தி. கையை உயர்த்தி வேலை செய்யும்போது, மூச்சுக்குத் துணைபுரியும் தோள், கழுத்துத் தசைகள் அவ்வேலைக்குச் சென்றுவிடுகின்றன. ஒரு கிலோ எடையுள்ள கருவியோடு மின்விசிறிச் சிறகைத் துடைக்க முயலும் முதியவருக்கு மாடிப்படி ஏறியது போன்ற இளைப்பு ஏற்படுவது இதனால்தான். கடையிலேயே கருவியைக் கையில் ஏந்தி, கையை நீட்டி இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். விசையை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் இயங்கும் என்னும் அமைப்பு, விரல் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. மின்கலம் முழு வேகத்தில் பெரும்பாலும் பத்து நிமிடம் அளவே நீடிக்கும். இளைப்பு உள்ளவர் அதற்குமேல் வேலை செய்யாதிருக்க அது உதவுகிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இனி, குடும்பத்தினர் விரும்பாத ஒரு செய்தி. கருவி வாங்கியதும் ஆஸ்துமா கட்டுப்படும் என்னும் எதிர்பார்ப்புக்கு ஆதாரம் இல்லை. வீட்டுத் தூசி உண்ணிகளைக் குறைக்கும் வழிமுறைகளைப் பற்றிய 54 ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான காக்ரேன் மறுஆய்வு, அவ்வழிமுறைகளால் ஆஸ்துமாவில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றே முடிவு கூறியது. உயிருள்ள உண்ணிகள் மெத்தை இழைகளைக் கால்களால் பற்றிக்கொள்வதால் உறிஞ்சுகருவிக்கு எளிதில் வசப்படுவதில்லை. மேற்பரப்பில் உள்ள அவற்றின் கழிவுகளும் நம் தோற்செதில்களுமே அகலும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் அலசுவது உண்ணிகளைக் கொல்லும். வெறும் தரையைப் பொறுத்தவரை ஈரத்துணிக்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை. பூந்துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்குவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

இதனை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கருவிக்கு எட்டாயிரம் ரூபாய் செலவிட்ட குடும்பம், மாதம் சில நூறு ரூபாய் இன்ஹேலரை "இனித் தூசிதான் இல்லையே" என்று நிறுத்திவிடுவதை ஆண்டுதோறும் காண்கிறேன். குழந்தை சில வாரங்கள் நன்றாகவே இருக்கும். பின்னர் ஒரு சளி பிடித்த இரவில் அவசரப் பிரிவுக்கு வந்து சேரும். இரண்டில் ஒன்றுக்கே பணம் உள்ளது என்றால் தயக்கமின்றி இன்ஹேலரை வாங்குங்கள். இரண்டுக்கும் இயலுமாயின், மெத்தையின் தையல் ஓரம், சோபாவின் இடுக்கு, கொசுவலைச் சன்னல், புத்தக அடுக்கு, காரின் இருக்கை என ஈரத்துணி செல்லாத இடங்களுக்கு இக்கருவி நன்கு பயன்படும். அந்நேரத்தில் நோயாளர் வேறு அறையில் இருக்கட்டும்; முடிந்தபின் சன்னலைத் திறந்துவைத்து அரைமணி நேரம் கழித்து வரட்டும்.

வீட்டிலேயே தொழில் செய்வோர் நம் நோயாளர்களில் பலர். தையல் இயந்திரத்தின் அடியில் சேரும் பஞ்சிழைகளுக்கு இச்சிறு கருவி பொருத்தமானதே. கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளுவதினும் பன்மடங்கு மேலானது. தச்சுப் பட்டறையில் சீவல்களை அள்ளலாம். ஆனால் மணல்தாள் இயந்திரத்திலிருந்து எழும் மாவு போன்ற மரத்தூசிக்கு இது போதாது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசியையும் மூச்சில் உட்புகும் படிகச் சிலிக்காத் தூசியையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியுள்ளது. கிரானைட் அறுத்தல், சிற்பம் செதுக்குதல், ஓடு வெட்டுதல் ஆகிய தொழில்களில் எழும் தூசிக்கு வீட்டுக் கருவியைப் பயன்படுத்துவது சிலிக்கோசிஸ் நோயை விலைகொடுத்து வாங்குவதற்கு ஒப்பு. அங்கே வெட்டும் இடத்திலேயே நீர் தெளித்துத் தூசி எழாமல் தடுக்கவேண்டும். அதனோடு, எம் அல்லது எச் வகுப்பு எனச் சான்றளிக்கப்பட்ட தொழிற்கூட உறிஞ்சிகளைப் பயன்படுத்தவேண்டும். அவற்றின் விலை மிகுதிதான். ஒரே தெருவில் தொழில் செய்யும் நால்வர் சேர்ந்து வாங்கினால் தாங்கக்கூடியதே.

சில பொருள்களை இக்கருவியால் ஒருபோதும் உறிஞ்சக்கூடாது. காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி வெப்பமானி உடைந்தால் சிதறும் பாதரசத்தை உறிஞ்சினால், அது ஆவியாகி அறை முழுவதும் பரவும். கருவியும் நிலையாக மாசடையும். சாம்பிராணிக் கரி, ஊதுவத்திச் சாம்பல் ஆகியவற்றில் அணையாத கனல் இருந்தால் தூசிக் கலத்திலேயே தீப்பிடிக்கலாம்.

மாடிமுகப்பிலும் குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதியிலும் உலர்ந்து கிடக்கும் புறா எச்சம் இவற்றினும் பரவலானது. அதன் தூசி சிலருக்கு அதியுணர்ச்சி நுரையீரல் அழற்சியை உண்டாக்குகிறது. 2017-இல் வெளியான இந்திய இடையீட்டு நுரையீரல் நோய்ப் பதிவேட்டில், 19 நகரங்களைச் சேர்ந்த 1,084 நோயாளருள் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்கு இவ்வகை அழற்சியே கண்டறியப்பட்டது. காற்றுக் குளிர்விப்பான்கள், பூஞ்சை, பறவைகள் எனக் காரணங்கள் பல. எச்சத்தை நீர் தெளித்து நன்கு ஊறவைத்து, ஈரத்தோடு வழித்தெடுத்து அகற்றுங்கள். உலர்ந்த நிலையில் துடைப்பமும் வேண்டாம், வாக்குவம் கிளீனரும் வேண்டாம்.

கருவி வாங்க எண்ணியிருப்போர் அடுத்தமுறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, படுக்கையறை, பட்டறை, மாடிமுகப்பு ஆகியவற்றைக் கைபேசியில் படமெடுத்து வாருங்கள். எந்தத் தூசி உங்களுக்கு ஊறு செய்கிறது என்பதை அப்படங்களைக் கொண்டே பெரும்பாலும் கூறிவிட இயலும். கருவி தேவையா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.