அடுப்படி பழகிவிடும் என்பவர்களுக்கு

"ஹோட்டல் வேலைக்குப் போனா சோத்துக்காவது பஞ்சமில்லை" என்று சொல்லித்தான் பிள்ளைகளை அனுப்பி வைக்கிறோம். அதே பிள்ளை நான்கு வருஷம் கழித்து, காலில் நரம்பு புடைத்து, ராத்திரித் தூக்கம் கெட்டு, வேலையை விட்டு ஊர் திரும்பினால், "அடுப்புச் சூட்டுக்குப் பயந்தா வந்துட்டே? கொஞ்ச நாள் இருந்திருந்தா பழகியிருக்குமே" என்கிறோம். கல்லாவில் இருக்கும் முதலாளி இதைச் சொன்னால் அவருக்கு ஒரு லாபம் இருக்கிறது என்று விட்டுவிடலாம். பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் மனதார நம்பிச் சொல்கிறார்கள் என்பதுதான் வருத்தம். சமையல்கட்டு வேலை என்றாலே இப்படித்தான், தாங்கத் தாங்க உடம்பு பழகிவிடும், பழகாமல் விட்டு வந்தவனுக்கு உழைக்க வணங்கவில்லை என்ற இந்த நம்பிக்கை தவறு. அதை நம்பியதற்கான விலையைப் பலர் தங்கள் உடம்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

'பழகிவிடும்' என்பதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் கொஞ்சம் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கல்லைப் பற்றவைக்கும் புரோட்டா மாஸ்டரைப் பாருங்கள். எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையைத் தட்டி, வீசி, சுருட்டிக் கல்லில் போடுகிறார். வெந்ததை அடுக்கி இரண்டு கையாலும் ஓங்கி அடித்து உதிர்க்கிறார். வயிற்றுக்கு நேரே கல், இடுப்புக்குக் கீழே அடுப்பு, கழுத்தில் ஈரத் துண்டு. புதிதாக வந்த பையன் அந்த இடத்தில் அரைமணி நேரத்தில் கிறுகிறுத்துப் போவான். இவர் நள்ளிரவு வரை நிற்கிறார். உண்மைதான், உடல் பழகியிருக்கிறது. வெப்பத்தில் தொடர்ந்து வேலை செய்தால் ஒன்று இரண்டு வாரத்தில் ரத்தத்தில் நீரின் அளவு கூடும், இதயத் துடிப்பு முன்போல் எகிறாது, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும். ஆனால் இந்த இடத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். பழகிய உடம்பு குறைவாக வியர்ப்பதில்லை, அதிகமாக வியர்க்கிறது. அதற்குத் தண்ணீர் முன்னைவிடக் கூடுதலாக வேண்டும். தாகமோ உடம்பின் தேவைக்குப் பின்தங்கித்தான் வரும். கூட்ட நேரத்தில் பாட்டிலை எடுக்க நேரமில்லை. கழிவறை தூரத்தில் இருந்தால் குடிக்கவே மனம் வராது. மயங்கி விழாமல் நிற்கிறார் என்பதை வைத்து நலமாக இருக்கிறார் என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

வெப்பத்துக்கு இப்படி ஈடுகொடுக்கும் உடம்பு, அடுப்படியின் மற்ற பாதிப்புகளுக்கு ஈடுகொடுப்பதில்லை. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறவரின் கால் நரம்பில் தேங்கும் ரத்தம் பத்து வருஷம் ஆனாலும் தேங்கத்தான் செய்யும். நடு அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத இளம் தொழிலாளர்களுக்குச் சிறுநீரகம் பழுதானபோது, கடும் வெயில் உழைப்பும் திரும்பத் திரும்ப ஏற்படும் நீரிழப்பும் முக்கியக் காரணங்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அவர்கள் வெயிலுக்குப் பழகாதவர்கள் அல்ல, அதிலேயே வளர்ந்தவர்கள். எண்ணெய்ச் சட்டிப் புகையும் அப்படியே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அதிக வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கப் பெரிதும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. நாள்பட அந்தப் புகை மூக்குக்கு உறைக்காமல் போகலாம், நுரையீரலுக்குள் போவது குறையாது. இதன் மேல் வேலை நேரம். காலை 6 முதல் 11 வரை, மறுபடி மாலை 5 முதல் 11 வரை என்று 'பிரேக் ஷிஃப்ட்' பார்க்கிறவருக்கு ஆறு நாளில் 66 மணி நேரம் ஆகிறது. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

"அந்த வேலையே அப்படித்தானே" என்பார்கள். நெருப்பு சுடும் என்பது மட்டும்தான் வேலையின் இயல்பு. புகைபோக்கி எவ்வளவு பெரிது, மாஸ்டருக்கு மாற்றாள் உண்டா, மத்தியானச் சாப்பாட்டை மூன்றரை மணிக்கு நின்றுகொண்டே விழுங்க வேண்டுமா என்பதையெல்லாம் மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் காற்றோட்டத்துக்கும் வெப்பத்துக்கும் விதி செய்தது. ஆனால் 'தொழிற்சாலை' என்பதற்கு அது தந்த விளக்கத்திலேயே ஹோட்டலும் உணவகமும் விலக்கப்பட்டிருந்தன. கொதிக்கும் எண்ணெயும் காஸ் அடுப்பும் நாள் முழுக்க ஓயாத இடம் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலை ஆகவில்லை. 2021இல் தமிழ்நாட்டில் வேலை நேரத்தில் உட்காரும் உரிமை சட்டமானபோதும் பேச்செல்லாம் ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களைப் பற்றியே இருந்தது. தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு காலத்தில் ஹோட்டல் மாவு முழுவதும் ஆட்டுக்கல்லில் கையால்தான் அரைபட்டது. அதற்கென்றே ஆள் இருந்தார். அன்றைக்கு அதுவும் வேலையின் இயல்பு. 1950களில் கோயம்புத்தூரில் உருவான வெட் கிரைண்டர் அந்த இயல்பை மாற்றியது. இட்லி, தோசையை அதனால் யாரும் விட்டுவிடவில்லை.

வீட்டில் அம்மாக்கள் ஆயுசு முழுக்க அடுப்படியில்தானே வெந்தார்கள், அவர்கள் விட்டு ஓடினார்களா என்று ஒரு கேள்வி வரும். இந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர்களுக்கு ஓட வழி இல்லை. அவர்கள் இருமினார்கள், கண் எரிச்சலில் தவித்தார்கள், அதை வயோதிகம் என்று நாம் பெயர் வைத்தோம். விறகும் வறட்டியும் போன்ற எரிபொருளின் வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. தாங்கியவர்களைக் காட்டி, தாங்கினால் ஒன்றும் ஆகாது என்று சொல்வது அவர்களுக்கு இரண்டாவது முறை இழைக்கும் அநியாயம். திட்டும் நெருக்கடியும் இருந்தால்தான் கைப்பக்குவம் வரும் என்ற வாதமும் நிற்காது. பிரெஞ்சுச் சமையல்கட்டைப் படைப்பிரிவுபோல ஒழுங்குபடுத்திய எஸ்கோஃபியே, தன் சமையல்கட்டில் கூச்சலையும் குடியையும் அனுமதிக்கவில்லை. அடுப்பில் நிற்பவர்களுக்கு மதுவுக்குப் பதில் பார்லித் தண்ணீர் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

இருப்பதில் கனமான ஆட்சேபம் வயிற்றைப் பற்றியது. வேலையை விட்டால் அடுத்த மாதம் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது? இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கணக்கைப் பாதியோடு நிறுத்தக் கூடாது. முப்பத்தைந்து வயதில் வேலையை விடுகிறவருக்குக் கையில் தொழிலும் நடக்கக் காலும் இருக்கின்றன. பகலோடு முடியும் மருத்துவமனை கேன்டீன், கல்லூரி விடுதி, முகூர்த்த நாள் சமையல், தன் கைக்கு அடக்கமான தள்ளுவண்டி என்று அதே தொழிலை வேறு நேரத்தில், வேறு வேகத்தில் செய்ய இடமுண்டு. நாற்பத்தைந்தில் உடம்பு ஓய்ந்த பிறகு விடுகிறவருக்கு அந்த வழிகளும் அடைபட்டுவிடும், வைத்தியச் செலவு வேறு சேரும். பலரை உண்மையில் கட்டிப்போட்டிருப்பது அட்வான்ஸ்தான். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் தீரும்வரை நகரக் கூடாது என்பது ஊர் வழக்கம். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கலாம். கடனைக் காட்டி ஆளையே பிடித்து வைப்பதை 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. எல்லோரும் விட்டுப் போனால் யார் சமைப்பார்கள் என்று கேட்கும் முதலாளிக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஆள் நிற்காத கடையில்தான் இரண்டாவது மாஸ்டரும் பெரிய புகைபோக்கியும் வரும். நிற்கிற ஆள் இருக்கும்வரை அவை செலவுக் கணக்கிலேயே ஏறாது.

ஆகவே விட்டு வந்தவரிடம் 'ஏன் தாங்கவில்லை' என்று கேட்பதை நிறுத்திவிட்டு உபயோகமான கேள்விகளைக் கேட்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை என்றால், சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவருக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு, வேலையில் இருக்கும்போதே உடம்பு படுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இ.எஸ்.ஐ. அட்டையை அவர் கண்ணால் பார்த்திருக்கிறாரா? ஐந்து வருஷம் முடித்துத் தானாக நின்றாலும் பணிக்கொடை உண்டு. நோயால் வேலை செய்ய முடியாமல் போய்விட்டால் அந்த ஐந்து வருஷக் கணக்குகூடத் தேவையில்லை. அதை எழுதிக் கேட்டாரா? கேட்கவில்லை என்றால், பக்கத்தில் உட்கார்ந்து அந்த மனுவை எழுதிக் கொடுங்கள்.