ஊசி தெளியும் முன்னே மாத்திரை!

பட்டாசு ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, விருதுநகர் ஆஸ்பத்திரியில் 15 வயது மகனின் கட்டிலருகே இருக்கும் சிவகாசி அம்மாவுக்கு ஒரே பயம்: ‘நரம்புல ஊசி போட்டா கை விளங்காமப் போயிடுமோ?’

நீடித்த பாதிப்பு மிக அரிது. ஸ்கேனில் பார்த்து, நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவதுதான் ‘நெர்வ் பிளாக்’. முன்கை எலும்பு ஆபரேஷனுக்குப் பின் 12 மணி நேரம்கூட வலி தெரியாது. வாந்தி வரவைக்கும் வீரிய மருந்துகளும் குறையும்.

சிக்கல், தெளியும்போதுதான். காலையில் ஆபரேஷன் என்றால், நள்ளிரவு வாக்கில் வலி மொத்தமாகத் தாக்கலாம். ‘இப்ப வலிக்கலையே’ என்று மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். டாக்டர் சொன்ன நேரத்தில் கொடுங்கள். மரத்த கையில் ஒத்தடம் வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துவிடும்.

மாத்திரைக்கும் வலி அடங்கவில்லையா, விரல் வெளிறி வீங்குகிறதா? விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.