கோழிக் கூண்டும் ஈக்களும்

பெரம்பலூர் ஜில்லா ஆலத்தூர் தாலுகாவைச் சேர்ந்த செட்டிகுளமும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் சின்ன வெங்காயத்திற்குப் பேர்போனவை என்பதை நேயர்கள் நன்கறிவர். வெங்காயம் பயிரிடும் குடியானவர் வீட்டுக் கொல்லையில் சில கோழிகள் மேய்வதும் சாதாரணமே. முட்டையும் சேவலும் விற்று வரும் சில்லறை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்கே சேருகிறது. ஆனால் ஐப்பசி மழை இறங்கியதும் கூண்டைச் சுற்றி ஈ மொய்க்கிறது. சோற்றுப் பானையிலும் தொட்டிற் குழந்தையின் முகத்திலும் அது வந்து உட்காருகிறது. அண்டை வீட்டார் கடிந்து பேசுகின்றனர். முடிவில் கோழிகளையே சந்தைக்கு அனுப்பிவிடும்படி நேர்கிறது. இது நியாயமன்று. ஈக்குக் காரணம் கோழியன்று, கூண்டடியில் தேங்கும் ஈரமே என்பது நமது அபிப்பிராயம்.

பத்துக் கோழிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எச்சமிடும். புதிய எச்சத்தில் முக்காற் பங்கு நீரே. வீட்டு ஈ ஒரு தடவைக்கு நூறு முட்டைகள் வரை இடுகிறது. அவை ஒரு நாளுக்குள் பொரிந்து புழுவாகின்றன. உஷ்ணமான நாட்களில் முட்டை ஈயாக மாறிப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்களே போதும். இவ்வளவு வேகமாகப் பெருகும் இப்பிராணிக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. ஈரமில்லாத எச்சத்தில் அதன் புழு பிழைப்பதில்லை. எச்சம் உலர்ந்து ஈரம் நூற்றுக்கு முப்பதுக்குக் கீழிறங்கிவிட்டால் அதில் ஈ உற்பத்தியாவதற்கு வழியில்லை.

இதை விடுத்து நம்மவர்கள் முதலில் நாடுவது மருந்துக் கடையையே. தெளித்த அன்று ஈக்கள் செத்து விழுகின்றன. புழுக்களோ எச்சத்தினடியில் சுகமாயிருக்கின்றன. வாரங்கழித்துப் புதுப்படை கிளம்புகிறது. டி.டி.டி. வந்த புதிதில் ஈக்கு முடிவுகாலம் வந்துவிட்டதென உலகமே மகிழ்ந்தது. 1940-களின் இறுதிக்குள்ளேயே சுவீடன், இத்தாலி தேசங்களில் அதற்கு அஞ்சாத ஈக்கள் தோன்றிவிட்டன. கடைகளில் தாராளமாக விற்ற டைகுளோர்வாஸ் என்னும் நஞ்சை 2020-ஆம் ஆண்டு முடிவோடு இந்திய அரசாங்கமே விலக்கிவிட்டது. மேலும், ஈயின் கூட்டுப்புழுவைத் துளைத்து அழிக்கும் நுண்ணிய குளவிகளும் ஈ முட்டைகளைத் தின்னும் வண்டுகளும் எருவிலேயே வாழ்கின்றன. கண்மூடித் தெளிக்கும் நஞ்சு இந்த நண்பர்களையும் மாய்த்துவிடுகிறது. கோழி கொத்தித் தின்னும் இடத்தில் நஞ்சைத் தெளித்து, அதன் முட்டையைக் குழந்தைக்குக் கொடுப்பது எவ்விதத்தில் புத்திசாலித்தனம்?

செட்டிகுளத்தாருக்கு ஈரத்தை வெல்லும் வித்தையை வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை. வெங்காயத்தைச் சேமிக்க அவர்கள் போடும் பட்டறையைப் பாருங்கள். தரையினின்று உயர்த்தி, அடியிலும் பக்கங்களிலும் காற்றோட இடம் விட்டு, மேலே மழை புகாதபடி மூடுகிறார்கள். ஈரம் பட்டால் வெங்காயம் அழுகுமென்று அவர்கள் அனுபவத்தில் கண்டவர்கள். அதே கையினர் கோழிக் கூண்டை மட்டும் குளிக்கும் நீர் ஓடும் சாக்கடை ஓரத்தில், வெயிலும் காற்றும் எட்டாத மூலையில் வைப்பதேன்? கூண்டையும் ஒரு சிறு பட்டறையாகக் கருதி, மேட்டிடத்தில் இரண்டு மூன்றடி உயரக் கால்களின்மேல் நிறுத்தி, மூங்கிற் பிளாச்சால் இடைவெளி விட்டுத் தளமிட வேண்டும். தாழ்வாரம் நன்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். அடியில் உமியோ நிலக்கடலை ஓடோ பரப்பினால் விழும் எச்சம் விரைவில் உலரும். அதில் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்க்கலாம். உருண்டையாக ஒட்டினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் பயமில்லை. தண்ணீர்ச் சட்டியைக் கூண்டுக்கு வெளியே கல்லின்மேல் வைப்பது உத்தமம். சிந்தும் தண்ணீர் செய்யும் கேடு மழை செய்வதற்குச் சற்றும் குறைந்ததன்று. மழைக்காலத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை கூட்டியெடுத்துவிட்டால், புழு கூட்டுப்புழுவாகுமுன் வெளியேறிவிடும். கழித்த அழுகல் வெங்காயத்தைக் கூண்டின் பின்புறம் கொட்டும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். அதிலும் ஈ முட்டையிடும்.

புழுவைக் கோழியே தின்றுவிடுமே, கவலை எதற்கு என்பாரும் உளர். மேயும் கோழி புழுவைக் கிளறித் தின்பது உண்மையே. ஆயினும் கோழிக்கு வரும் நாடாப்புழுக்களில் ஒருவகை ஈயின் மூலமாகவே பரவுகிறது. செத்த கோழியின் உடலில் நெளியும் புழுவைத் தின்ற கோழிகள் கழுத்துத் தளர்ந்து மடிவதுமுண்டு. ஆகையால் செத்ததை அன்றே ஆழப் புதைத்துவிட வேண்டும்.

கூட்டியெடுத்த எச்சத்தைத் திறந்த குப்பையிற் கொட்டினால் ஈ அங்கே குடியேறும், அவ்வளவே. அதை மக்காச்சோளத் தட்டை, சருகு இவற்றோடு அடுக்கி, மேலே மண் மூடி, மக்கவைக்க வேண்டும். ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை இந்தூரில் செப்பஞ்செய்த கம்போஸ்டு முறையின் சாரமும் அடுக்குவதும் புரட்டுவதுமே. குவியலின் நடுவே எழும் சூட்டில் புழு பிழைக்காது. அது குளிர்ந்த ஓரங்களுக்கு ஓடிவிடுமாதலால், ஓரத்தை உள்ளே தள்ளிப் புரட்டுவது அவசியம். நாற்றத்திற்கென்று சிலர் சுண்ணாம்பு தூவுகிறார்கள். தரையில் தூவலாம், வயலுக்குப் போகும் எருவிற் கலந்தால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்.

ஒரு வீட்டார் மட்டும் இவற்றைச் செய்து பயனில்லை. ஈ ஒரு மைல் தூரமும் பறக்கவல்லது. கோழிக்குஞ்சுகளை வழங்கும் திட்டங்கள் பல வந்துள்ளன. குஞ்சைக் கொடுக்கும் கையே கூண்டை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைப்பதென்பதையும் வீட்டுப் பெண்களிடம் நேரில் காட்ட வேண்டும். புகார் வந்தபின் பஞ்சாயத்தார் கண்டிப்பதைவிட, மழைக்கு முன் தெருச் சாக்கடைகளை ஓடச் செய்வது எவ்வளவோ மேல். எரு மக்குவதற்கு இரண்டு மூன்று மாதம் செல்லும். ஐப்பசி நடவுக்குக் கோழியெரு வேண்டுவோர் ஆடியிலேயே குவியலைத் தொடங்குவார்களாக; கூண்டைக் கால்மேல் ஏற்றுவதற்கும் அம்மாதமே வாய்ப்பானது.