பார்த்துத்தானே எடுத்தீர்கள்?

பாவித்த வேன் ஒன்றை வாங்கி, ஒரே வாரத்தில் கியர் பொக்ஸ் பழுதாகி, திருப்பிக் கொடுக்கப் போனால் விற்றவர் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். நம்மவர்களில் பலர் அத்தோடு வாயடைத்துத் திரும்பி விடுகின்றனர். வேன் கராஜில் நிற்கும். லீசிங் தவணை நிற்காது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, வாகன வியாபாரி விற்கும் வாகனம் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும். நாம் பரிசோதித்திருந்தால், அதில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும் அவர் பொறுப்பல்ல. மறைந்திருந்த குறைக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால், 'உள்ள நிலையிலேயே ஏற்கிறேன்' என்று கையொப்பமிட்டால் இவ்வுரிமை பறிபோகலாம். வாசிக்காமல் ஒப்பமிடாதீர்கள்.

தாமதமும் கூடாது. குறை தெரிந்த பின்பும் ஓட்டிக்கொண்டிருந்தால் வாகனத்தை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். பின்னர் நட்டஈடு கேட்கலாமே தவிர, திருப்பிக் கொடுப்பது கடினம். எனவே உடனே ஓட்டத்தை நிறுத்தி, மெக்கானிக்கின் அறிக்கையோடு எழுத்தில் அறிவியுங்கள். லீசிங் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தவணையை மட்டும் தவறவிடாதீர்கள். விற்றவர் மறுத்தால், வாங்கி மூன்று மாதங்களுக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு.

வாகனம் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. குறையைச் சொல்லி விற்றால் விலை சற்றுக் குறையும். மறைத்து விற்றால் அந்த வாடிக்கையாளரும், அவர் சொல்லிக் கேட்பவர்களும் உங்கள் வாசலை மிதிக்க மாட்டார்கள். எது நட்டம்?