நோன்பு விடுமுறைக்குப் பிறகு தூங்கி விழும் பிள்ளைகள்



நோன்பு விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த முதல் வாரம். முதலாம் பாடவேளையிலேயே வகுப்பில் பாதிப் பேர் மேசையில் தலை சாய்த்துக் கிடந்தார்கள். ஒருவனை எழுப்பி நிற்க வைத்தேன். "சேர், பத்து மணிக்கே படுத்தேன். தூக்கம் வரவேயில்லை" என்றான். பொய் சொல்கிறான் என்று நினைத்து ஏசிவிட்டேன். பிறகு கொஞ்சம் தேடிப் படித்தபோதுதான் விளங்கியது, அவன் சொன்னது உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

நோன்பு மாதத்தில் நம் பிள்ளைகளின் நாள் எப்படிப் போகிறது? தராவீஹ் முடிந்ததும் கடற்கரை, கிரிக்கெட், போன். ஸஹர் வரை விழிப்பு. சுபஹ் தொழுதுவிட்டுப் படுத்தால் லுஹர் பாங்குக்குத்தான் எழும்புகிறார்கள். ஒரு மாதம் இப்படி. பிறகு திடீரென்று ஒருநாள் காலை 7.30க்கு வகுப்பு.

நம் மூளையின் அடியில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் உள்ள சிறு கூட்டம் ஒன்று இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். அந்தக் கலங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. கீழ்ப்பகுதிக் கலங்களுக்கு வெளிச்சத்தின் செய்தி கண்ணிலிருந்து நேரே வருகிறது. மேல்பகுதிக் கலங்கள் பெரும்பாலும் கீழ்ப்பகுதி சொல்லித்தான் நேரத்தை அறிகின்றன. எலிகளின் பகல் இரவைத் திடீரென மாற்றி, 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைப் பார்த்தார்கள். கீழ்ப்பகுதி விரைவில் புதிய நேரத்துக்கு மாறியது. மேல்பகுதிக்குப் பல நாட்கள் எடுத்தன. அதுவரை ஒரே கடிகாரத்துக்குள் இரண்டு நேரம்.

நம் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்பவற்றைப் பாருங்கள். காற்று மாறினால் சின்னத் தோணி உடனே திரும்பிவிடும். பெரிய கப்பல் மெதுவாகத்தான் திரும்பும். அதைப் பார்த்துக் கப்பலை யாரும் சோம்பேறி என்று ஏசுவதில்லை. நான் அந்தப் பிள்ளையை ஏசினேன்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குக் கல்வி உளவியல் படிப்பித்தார்கள். வகுப்பில் தூங்கும் பிள்ளையைப் பற்றி ஒரு வரி படித்ததாக நினைவில்லை. பதின்ம வயதில் இந்தக் கடிகாரம் இயல்பாகவே பிந்தி ஓடும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

ரமழான் இரவின் இபாதத்தை நான் குறை சொல்லவில்லை. தராவீஹுக்கும் ஸஹருக்கும் இடையில் தூங்க நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைப் போனுக்குக் கொடுத்தது நாம்தான். இரவு வெளிச்சம் கடிகாரத்தைப் பிந்த வைக்கும். காலை வெளிச்சம் முந்த வைக்கும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்ட ஒரு ஆய்வும் ஞாபகம் வருகிறது. இருட்டுக் குகையில் அடைத்து வைத்த வௌவால்கள், அதே குகையில் சுதந்திரமாகப் போய்வந்த கூட்டத்தின் நேரத்திலேயே பறந்தன. கூட்டம் இல்லாத குகையில் அந்த ஒழுங்கு தவறிவிட்டது. மனிதன் வௌவால் அல்லதான். ஆனால் உம்மாவும் வாப்பாவும் ஒரு மணி வரை போனோடு இருக்கும் வீட்டில் பிள்ளை மட்டும் எப்படித் தூங்கும்?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

பெற்றோரே, பாடசாலை திறக்க ஒரு வாரம் இருக்கும்போதே பிள்ளையை நாளுக்கு நாள் கொஞ்சம் முந்தி எழுப்புங்கள். எழுப்பியதும் வெயில் வெளிச்சத்தில் கொஞ்சம் நடக்க விடுங்கள்.

டியூஷன் ஆசிரியர்களே, அந்த வாரம் இரவு வகுப்பு வேண்டாம்.

சக ஆசிரியர்களே, முதல் வாரத்தில் பரீட்சை வைக்காதீர்கள். தூங்கி விழும் பிள்ளையை முழங்காலில் நிறுத்தாதீர்கள்.

நான் ஏசிய அந்த மகனிடம் நாளைக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறேன். உங்கள் வீட்டில் நிலைமை எப்படி? கீழே எழுதுங்கள்.