திங்கட்கிழமை விடுமுறைக்காரர்கள் எங்கே போவது?

கரோல் பாக் கடைவீதிக்குத் திங்கட்கிழமை வார விடுமுறை. சரோஜினி நகர், லாஜ்பத் நகர் கடைகளுக்கும் அன்றுதான். அங்கே துணி மடித்து வைப்பவர், பில் போடுபவர், மூட்டை தூக்குபவர் எல்லாருக்கும் வாரத்தில் தங்களுக்கென்று கிடைக்கும் ஒரே நாள் அது. அதே திங்கட்கிழமைதான் செங்கோட்டை பூட்டிக் கிடக்கும். ஜன்பத்திலுள்ள தேசிய அருங்காட்சியகம், சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகம், இந்தியா கேட் பக்கத்து நவீன ஓவியக் கூடம், தாமரைக் கோயில் ஆகியவையும் அன்று திறப்பதில்லை. குதுப் மினார் உண்டு. மிருகக்காட்சி சாலையும் உண்டு. அங்கே வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. போதாக்குறைக்குப் பிள்ளைகளுக்கு அன்று பள்ளிக்கூடம்.

நெடுங்காலமாக இப்படித்தான் நடந்து வருகிறது. கடைகளுக்கு விடுமுறை குறிப்பவர்களும் இந்த இடங்களை நடத்துபவர்களும் ஒரு நாள் உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் குறை இது. பேசவில்லை. உழைப்பவருக்கும் ஓய்வு நேரம் என்று ஒன்று உண்டு, அதைக் கழிக்க இடம் வேண்டும் என்ற எண்ணமே இந்த நகரத்தின் திட்டங்களில் இருப்பதாகத் தெரியவில்லை.

தில்லித் தமிழர்களில் அரசு வேலைக்கென்று வந்தவர்களுக்கு ஓரளவு கொடுத்துவைத்திருந்தது. 1985இல் மத்திய அரசு அலுவலகங்கள் ஐந்து நாள் வாரத்துக்கு மாறின. சனி, ஞாயிறு இரண்டும் கைக்கு வந்தன. ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்தில் ஒரு கச்சேரி, மலை மந்திரில் சுவாமி தரிசனம், பிறகு இந்தியா கேட் புல்வெளியில் சமுக்காளம் விரித்து, கொண்டு போன புளியோதரையும் தயிர்சாதமும். காசு செலவில்லாத அந்த மாலைகள்தாம் எங்களில் பலரை இந்த ஊரில் நிலைக்க வைத்தன. அந்தப் புல்வெளி சீரமைப்புக்காக 2021இல் அடைக்கப்பட்டு, 2022 செப்டம்பரில் கர்தவ்ய பத் என்ற புதுப் பெயரோடு திறக்கப்பட்டது. நடைபாதைகளும் கழிப்பறைகளும் நன்றாகவே வந்திருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் தின்பண்ட வண்டிகள் ஒரு மூலைக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன. குடும்பத்தோடு புல்லில் அமர்ந்தவர் எப்போது விசில் சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

சனி, ஞாயிறு நிலைமை இது என்றால், வார நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாலை ஆறு மணிக்கு அலுவலகம் விடும். அருங்காட்சியகமும் ஆறு மணிக்கு மூடும். மெட்ரோவில் நெருக்கியடித்து வீடு வந்து சேர எட்டு மணி ஆகிவிடும்; லோதி தோட்டத்தின் கதவு எட்டு மணிக்குச் சாத்தப்படும். சரி, காலனிப் பூங்கா இருக்கிறதே என்றால், அதன் சாவி குடியிருப்போர் சங்கத்தாரிடம். வாசலில் பந்து விளையாடத் தடை என்று பலகை. உள்ளே எரியாத விளக்கு, அறுந்த ஊஞ்சல், இருட்டிய பின் சீட்டாடும் கூட்டம். பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. வயதுக்கு வந்த மகளை எட்டு மணிக்கு மேல் பூங்காவுக்கு நடக்க அனுப்பும் தாய் எங்கள் பகுதியில் யாரும் இல்லை.

இந்த ஊரின் பருவங்களை அறிந்தவருக்கு இதன் கொடுமை இன்னும் நன்றாகப் புரியும். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். பகலில் தலை காட்ட முடியாது, இரவு எட்டு மணிக்கு மேல்தான் காற்று சற்று ஆறும். அந்த நேரத்தில்தான் கதவைப் பூட்டுகிறார்கள். தீபாவளி கழிந்தால் காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டுகிறது; பள்ளிகளில் விளையாட்டு நின்றுபோகிறது, பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபடுகிறார்கள். ஆக, வெளியே மூச்சு விட்டு நடமாட ஆண்டில் எஞ்சுவது சில மாதங்கள். அவற்றையும் பூட்டுக்குப் பறிகொடுக்கிறோம்.

இருந்தவை போன கணக்கும் உண்டு. 1984 நவம்பரில் பிரகதி மைதானத்தில் திறந்த அப்பு கர், ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு ராட்டினம் காட்டிய இடம், 2008இல் மூடப்பட்டது. நகர நடுவில், எளியவர் கைக்கு எட்டும் கட்டணத்தில் அதற்கு ஈடாக இன்றுவரை எதுவும் இல்லை. சாணக்கியா திரையரங்கம் 2007 இறுதியிலும் ரீகல் 2017 மார்ச்சிலும் விளக்கை அணைத்தன. இப்போது பொழுதுபோக்கு என்றால் மால்தான். நான்கு பேர் உள்ளே போய்ப் படம் பார்த்து ஆளுக்கொரு காப்பி குடித்து வெளியே வந்தால், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு வாரக் கூலி கரைந்துவிடும்.

அந்தப் பெண்களின் நிலைதான் மிக மோசம். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். தகுதி உண்டு என்று தீர்மானிக்கப்பட்டவர்களுக்கு நரேலாவில் குடியிருப்பு ஒதுக்கினார்கள், மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நரேலாவோ முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால். வேலை செய்யும் வீடுகள் இன்னும் ஜங்புரா, நிஜாமுதீன் பக்கம்தான். முன்பு நடந்தே போய்விட்டு வந்தவர்களுக்கு இப்போது பொழுது பஸ்ஸிலேயே விடிந்து பஸ்ஸிலேயே அடைகிறது. பெண்களுக்கு டிடிசி பஸ்ஸில் 2019 முதல் கட்டணமில்லை, நல்ல காரியம். பஸ் வந்தால்தானே ஏற முடியும்?

வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. தேர்தல்தோறும் பூங்காக்கள் பொலிவுறும், யமுனைக் கரை மக்களுக்குத் திறக்கப்படும் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2014 ஜூலையில் கன்னாட் பிளேஸ் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை வாகனங்களை நிறுத்தி, பிள்ளைகளைச் சைக்கிள் ஓட்ட விட்டார்கள். ராஹ்கிரி என்ற அந்த ஏற்பாட்டுக்கு ஊரே திரண்டது, பிறகு நிலைக்க விடவில்லை. 2022 மே மாதம் இன்னொன்று நடந்தது. தியாகராஜ் விளையாட்டரங்கில் ஓர் உயரதிகாரி தம் நாயோடு உலாவுவதற்காக, பயிற்சி செய்யும் பிள்ளைகளை மாலை ஏழு மணிக்கே வெளியேற்றுகிறார்கள் என்று நாளிதழில் செய்தி வந்தது. உடனே, விளையாட்டரங்குகளை இரவு பத்து மணி வரை திறந்து வைக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. விளையாட்டரங்குக்கு முடிந்தது பூங்காவுக்கு ஏன் முடியாது?

நாங்கள் புதிதாக எதையும் கட்டித் தரச் சொல்லவில்லை. அருங்காட்சியகங்கள் எல்லாம் ஒரே நாளில் மூடாமல் ஆளுக்கொரு நாளாக விடுமுறையை மாற்றிக்கொள்ளட்டும். வாரத்தில் ஒரு மாலையாவது இரவு எட்டரை வரை திறந்திருக்கட்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பூங்காக்கள் விளக்கோடும் காவலோடும் பத்து மணி வரை இயங்க வேண்டும். அரசுப் பள்ளி மைதானங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம். நரேலாவிலிருந்து தெற்குத் தில்லிக்குக் காலையும் மாலையும் நேரடிப் பஸ் வேண்டும். அந்தக் குடியிருப்புகளின் நடுவே ஊஞ்சலும் குடிநீர்க் குழாயும் உள்ள ஒரு மைதானம், வரும் கோடை வெயில் ஏறுவதற்கு முன், தயாராக வேண்டும்.