வரைந்தவன் நான், சாவி அவனிடம்

பழைய மின்சுற்று வரைபடக் கோப்பு கணினியில் திறக்கவில்லை என்றால் இன்றைய பிள்ளைகள் சொல்லும் பதில் ஒன்றுதான். "பழசு சார், விட்டுத்தள்ளுங்க. புதுசா வரைஞ்சுக்கலாம்." செம்புத் தடம் ஒவ்வொன்றையும் மீட்டரால் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஒரு அட்டையின் படத்தை மீட்டவன் அப்படிப் பேசமாட்டான். முலாம் பூசும் பட்டறையில் ரெக்டிஃபையர் இருபது வருஷம் ஓடுகிறது. அதன் படம் பாதி வழியிலேயே செத்துவிட்டால் யாரைக் கேட்பது?

ஈகிள் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் கேட்சாஃப்ட் கம்பெனி 1988-ல் கொண்டுவந்தது. இலவசப் பதிப்பும் இருந்ததால் மாணவர்களும் சிறு பட்டறைக்காரர்களும் அதில்தான் கை பழகினார்கள். 2016-ல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. அடுத்த வருஷமே சந்தா முறை வந்தது. 2026 ஜூன் 7-ஆம் தேதியோடு நிறுத்தம் என்று 2023-ல் அறிவிப்பும் வந்தது. வேண்டுமானால் எங்கள் ஃப்யூஷனுக்கு வாருங்கள் என்கிறார்கள். நான் வரைந்த படத்தை நான் பார்க்க இன்னொருவன் வாசலில் நிற்க வேண்டுமா? பர்மாவில் எழுதிய வட்டிக்கடைப் பேரேட்டை இன்றும் நம் ஊர் வீடுகளில் பிரித்துப் படிக்கலாம். மை விற்றவனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஈகிள் 6-ஆம் பதிப்பிலிருந்து கோப்பு எக்ஸ்.எம்.எல்., அதாவது படிக்கக்கூடிய எழுத்து. அதனால் கீகேட் என்ற இலவச மென்பொருள் அதைத் திறந்துவிடுகிறது. அதற்கு முந்தையவைதான் வம்பு. வைத்திருப்பவர்கள் பிந்தைய ஈகிள் ஓடும் கணினி ஒன்றைப் பிடித்து, இப்போதே திறந்து மறுபடி சேமித்துவிடுங்கள். கோப்பின் வால் '.எஸ்.சி.எச்.' என்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆர்கேட், ப்ரோடெல், பழைய கீகேட் எல்லாவற்றுக்கும் அதே வால்தான். நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் சில வரிகள் எழுத்தாகத் தெரிந்தால் பிழைத்தது.

கீகேடை 1992-ல் தொடங்கியவர் ழான்-பியேர் ஷரா, பிரான்ஸில் கிரெனோபிள் பக்கத்து ஆசிரியர். (பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பாசத்தில் பேசுகிறேன் என்பீர்கள். கொஞ்சம் உண்மைதான்.) பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஈசிம் மென்பொருளும் அதன் மேல் கட்டியதே. இவையெல்லாம் காசில்லாமல் கிடைக்கும்போது, பூட்டிய மென்பொருளைப் பொதுப்பணத்தில் வாங்கி மாணவன் கையில் கொடுப்பது எதற்கு?

பி.டி.எஃப். போதாதா என்பார்கள். அதுவும் எடுத்து வையுங்கள், ஆனால் அது போட்டோ மாதிரி. பார்க்கலாம், ஒரு மின்தடையை மாற்றி வரைய முடியாது.

அலுவலகத்தில் நாங்கள் ஒரு கோப்பை முடித்தால் 'ஆர்.டிஸ்.' என்று போடுவோம், நிரந்தரமாக வைக்க வேண்டியது என்று அர்த்தம். ரெக்கார்ட் ரூமில் அதற்கு எதிரி கரையான் மட்டும்தான். மத்திய அரசு 2010-லேயே திறந்த தரங்களுக்கு ஒரு கொள்கை வெளியிட்டது. அப்புறமும் டெண்டரில் ஒரு வரி சேர்க்க என்ன தயக்கம்? விற்றவன் கடையை மூடிய பிறகும் கோப்பு திறக்க வேண்டும். முடியாது என்கிறவனுக்குப் பில் பாஸ் செய்யாதீர்கள்.